நிற்கத் தெரிந்த மோட்டார்

கருங்கல் பாறையின் விளிம்பில் முன்சக்கரங்கள் இரண்டும் தொற்றிக்கொண்டிருக்கின்றன. பின்சக்கரங்களில் ஒன்று பிளவுக்குள் இறங்கிவிட்டது. மற்றொன்று அந்தரத்தில் தொங்குகிறது. அசல் ஜீப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள அந்த ரேடியோ கன்ட்ரோல் வண்டியின் எடை மூன்று கிலோ இருக்கலாம். இந்த நிலையில் அதற்கு வேகம் வேண்டியதில்லை. சக்கரம் கால் சுற்று உருள வேண்டும், உருண்ட இடத்தில் நிற்க வேண்டும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் திருப்பி அடுத்த பிடிமானத்தைத் தேடும்வரை வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் வழுக்கக் கூடாது. கிராலர் எனப்படும் இந்த வண்டிகளின் பிழைப்பே இப்படிப்பட்ட கால் சுற்றுகளில்தான் நடக்கிறது. ஆனால், அதற்கு பிரஷ்லெஸ் மோட்டாரும் ஸ்பீடு கன்ட்ரோலரும் வாங்கக் கிளம்புபவர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். எத்தனை கே.வி.? எத்தனை ஆம்பியர்? எத்தனை செல் பேட்டரி தாங்கும்? எவ்வளவு வேகம் போகும்? நான்கும் த்ராட்டிலை முழுதாக அழுத்தினால் என்ன ஆகும் என்பதைப் பற்றிய கேள்விகள். கிராலர் ஓடும் நேரத்தில் பெரும்பகுதி த்ராட்டிலின் முதல் ஐந்து சதவீதத்துக்குள் கழிகிறது. அந்த ஐந்து சதவீதத்தில் மோட்டார் எப்படி நடந்துகொள்கிறது, வேகம் பூஜ்ஜியமாகும்போது என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் இந்த ஜோடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்தால் வரிசையும் தலைகீழாகும்: முதலில் கன்ட்ரோலர், பிறகு மோட்டார், கடைசியில் கே.வி.

இந்த விளையாட்டின் ஆரம்பமே இதற்குச் சாட்சி. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1987இல் கொண்டுவந்த கிளாட் பஸ்டர் என்ற மான்ஸ்டர் டிரக்கில் முன்னச்சுக்கு ஒன்று, பின்னச்சுக்கு ஒன்று என இரண்டு மோட்டார்கள் இருந்தன. அமெரிக்காவில் பாறை ஏறும் வண்டிகளைச் சொந்தமாகக் கட்டத் தொடங்கியவர்கள் இதன் அச்சுகளைக் கழற்றித் தங்கள் சட்டங்களில் பொருத்தினார்கள். பிறகு கலிஃபோர்னியாவின் ஆக்சியல் நிறுவனம் ஏ.எக்ஸ்-10, எஸ்.சி.எக்ஸ்-10 போன்ற வண்டிகளைக் கடைக்குக் கொண்டுவந்தது. டெக்சாஸின் டிராக்சஸ் 2017இல் டி.ஆர்.எக்ஸ்-4 என்ற வண்டியை வெளியிட்டது. ரிமோட்டிலிருந்தே மாற்றக்கூடிய இரண்டு கியர், ரிமோட்டிலிருந்தே பூட்டித் திறக்கும் டிஃபரன்ஷியல்கள் அதில் வந்தன. போட்டிகளில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பாறைமேல் வண்டியைச் செலுத்துவார்கள். கம்பத்தைத் தொட்டால் தண்டப் புள்ளி, ரிவர்ஸ் எடுத்தாலும் தண்டப் புள்ளி. குறைந்த புள்ளி எடுத்தவர் வெற்றி. நேரக் கட்டுப்பாடு உண்டு என்றாலும் முந்திப் போனதற்கு யாரும் பரிசு தருவதில்லை. வண்டியின் உடல் மாறியது, கியர்பெட்டி மாறியது. மோட்டார் மட்டும் நெடுங்காலம் பந்தயக் காருக்குரிய அளவுகோலாலேயே விற்கப்பட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிராலர் டயரின் விட்டம் 120 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு சுமார் 377 மில்லிமீட்டர். மோட்டாரிலிருந்து சக்கரம்வரை எல்லாப் பல்சக்கரங்களையும் சேர்த்த மொத்த கியர் விகிதம் 40க்கு 1, அதாவது மோட்டார் 40 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். பாறைமேல் நொடிக்குக் கால் சுற்று என்ற நிதானத்தில் வண்டி ஊர்ந்தால் சக்கரத்தின் வேகம் நிமிடத்துக்கு 15 சுற்று, மோட்டாரின் வேகம் 600 சுற்று. கே.வி. என்பது சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்ற எண். சுற்றும் மோட்டார் தானே ஒரு மின்னழுத்தத்தையும் உண்டாக்குகிறது. பள்ளிப் பாடத்தில் எதிர் மின்னியக்கு விசை என்று படித்தது இதுதான். 1200 கே.வி. மோட்டார் 600 சுற்று வேகத்தில் உண்டாக்கும் அழுத்தம் அரை வோல்ட். 3300 கே.வி. மோட்டார் என்றால் 0.18 வோல்ட். பேட்டரி தருவதோ 11.1 வோல்ட். இந்த அரை வோல்ட்டுக்குள்தான் கிராலரின் பாதிப் பிரச்சினை அடங்கியிருக்கிறது.

வழக்கமான பிரஷ்லெஸ் மோட்டாரில் உள்ளே சுழல்வது காந்தம்; சுருள்கள் வெளிக்கூட்டில் அசையாமல் இருக்கின்றன. மூன்று கம்பிகளில் எப்போது எதில் மின்சாரம் பாய வேண்டும் என்பதை கன்ட்ரோலர் தீர்மானிக்கிறது. அதற்குக் காந்தம் இந்த நொடியில் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும். சென்சார் இல்லாத அமைப்பில் கன்ட்ரோலருக்கு உள்ள ஒரே துப்பு நாம் மேலே பார்த்த எதிர் அழுத்தம். மின்சாரம் பாயாத மூன்றாவது கம்பியில் அது எப்போது பூஜ்ஜியத்தைக் கடக்கிறது என்று பார்த்து, காந்தம் இருக்கும் இடத்தை அது கணிக்கிறது. நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று சுற்றும் பந்தயக் காரில் இந்த முறை அருமையாக வேலை செய்கிறது. பெரும்பாலான ட்ரோன்கள் சென்சார் இல்லாமல்தான் பறக்கின்றன. ஆனால் மோட்டார் நின்றுவிட்டால் அழுத்தம் இல்லை, துப்பும் இல்லை. மெதுவாகச் சுற்றும்போது வரும் துப்பு, சுவிட்ச் ஆகும் மின்சாரத்தின் இரைச்சலில் மூழ்கிப்போகிறது. எனவே கன்ட்ரோலர் குருட்டாம்போக்கில் ஒரு சுருளுக்கு மின்சாரம் கொடுத்து, காந்தம் அசைகிறதா என்று பார்க்கிறது. கணிப்பு தவறினால் மோட்டார் உதறுகிறது. முன்னும் பின்னும் நடுங்கி, பிறகு திடீரென்று பிடித்துக்கொண்டு எகிறுகிறது. சமதரையில் இது வெறும் எரிச்சல். பாறை விளிம்பில் தொங்கும் வண்டிக்கு அந்த ஓர் உதறல் போதும், தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும். சக்கரத்தின் மேல் முழு எடையும் அழுத்தும் நேரத்தில், அதாவது மோட்டார் மிகவும் தேவைப்படும் நேரத்தில், இந்தக் கணிப்பு மிக மோசமாகத் தவறுகிறது.

இதற்கு முதல் மருந்து சென்சார். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்கும் மூன்று சிறு சில்லுகளை மோட்டாரின் பின்மூடிக்குள் வைத்தால், காந்தம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நின்ற நிலையிலும் சொல்லிவிடும். மோட்டாரின் பின்புறத்திலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் ஆறு மெல்லிய கம்பிகள் கொண்ட கேபிள் இதற்குத்தான்: மூன்று கம்பிகள் சென்சாருக்கு, இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று வெப்பநிலை சொல்ல. சென்சார் இருந்தால் உதறல் போய்விடும். ஆனாலும் முழு மென்மை வந்துவிடுவதில்லை. மூன்று சென்சார்களும் சேர்ந்து ஒரு மின்சுற்றுக்கு ஆறு நிலைகளைத்தான் காட்டும். இரண்டு துருவ மோட்டாரில் அது ஒரு முழுச் சுற்றுக்கு ஆறு படி. நம்முடைய 40க்கு 1 கியரில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 240 படிகள். டயர் விளிம்பில் படிக்கு ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர். நான்கு துருவ மோட்டாரில் அது 0.8 மில்லிமீட்டராகக் குறையும். கிராலருக்கென்றே டெக்கின் நிறுவனம் தயாரித்த ஆர்.ஓ.சி.-412 மோட்டாரின் பெயரிலேயே நான்கு துருவம், பன்னிரண்டு பள்ளம் என்ற தகவல் இருப்பது தற்செயல் அல்ல. ஹோம்ஸ் ஹாபீஸ் நிறுவனத்தின் ரிவால்வர் வேறு வழியில் போகிறது. அதில் காந்தங்கள் பதித்த வெளிக்கூடு சுருளைச் சுற்றிச் சுழல்கிறது. விசை செயல்படும் ஆரம் பெரிதாவதால் குறைந்த வேகத்தில் கூடுதல் முறுக்குவிசை கிடைக்கிறது.

படிகளை அடியோடு இல்லாமல் செய்வது அடுத்த மருந்து. எஃப்.ஓ.சி. என்று பெட்டிமேல் அச்சிடுகிறார்களே, அதைப் புதிய வித்தை என்று நினைக்க வேண்டாம். சுழலும் இயந்திரத்தின் மின்னோட்டத்தை, சுழலும் பாகத்தோடு சேர்ந்து சுழலும் இரு அச்சுகளில் பிரித்துப் பார்க்கும் கணிதத்தை ஆர்.எச். பார்க் 1929இலேயே எழுதிவிட்டார். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தின் ஹாசேயும் சீமென்ஸ் நிறுவனத்தின் பிளாஷ்கேவும் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை மோட்டாரைக் கட்டுப்படுத்தும் முறையாக வளர்த்தார்கள். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்னோட்டத்தை அளந்து, காந்தத்தின் திசைக்குச் செங்குத்தாகவே எப்போதும் காந்தப்புலம் நிற்கும்படி மூன்று சுருள்களுக்கும் அலைபோல் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் அதன் சாரம். வாஷிங் மெஷினிலும் மின்சாரக் காரிலும் இருக்கும் இந்த முறை, அதற்கு வேண்டிய சில்லு நகத்தளவுக்குச் சுருங்கி விலையும் இறங்கிய பிறகு பொம்மை வண்டிக்கு வந்து சேர்ந்தது. சீனாவின் ஷென்ஜென் நகரத்து ஹாபிவிங் நிறுவனம் ஆக்ஸ் என்ற பெயரில் மோட்டாரும் கன்ட்ரோலரும் கொண்ட ஜோடியையும், பிறகு ஃபியூஷன் என்ற பெயரில் இரண்டையும் ஒரே கூட்டுக்குள் அடக்கிய மோட்டாரையும் வெளியிட்டது. கிராலர் ஓட்டுபவர்களின் பேச்சு அதோடு மாறிவிட்டது.

இவை செய்யும் இன்னொரு காரியத்துக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். சாதாரணக் கன்ட்ரோலரில் டிரிகரை அழுத்துவது இத்தனை சதவீத மின்னழுத்தம் கொடு என்று கேட்பதற்குச் சமம். சக்கரம் கல்லில் முட்டினால் சுமை கூடி மோட்டார் நின்றுவிடும். ஓட்டுபவர் இன்னும் கொஞ்சம் அழுத்துவார், இன்னும் கொஞ்சம் அழுத்துவார். சக்கரம் கல்லைத் தாண்டிய கணத்தில் சுமை விலகும், ஏற்கெனவே கூட்டிவைத்த அழுத்தமெல்லாம் வேகமாக மாறும், வண்டி பாய்ந்து அடுத்த பள்ளத்தில் விழும். ஆக்ஸ், ஃபியூஷன் போன்றவை டிரிகரை வேகக் கட்டளையாக எடுத்துக்கொள்கின்றன. இந்த வேகத்தில் சுற்று என்று சொன்னால் கல் வந்தாலும் பள்ளம் வந்தாலும் அந்த வேகம் மாறாதபடி மின்னோட்டத்தைத் தாமே கூட்டிக் குறைக்கின்றன. கல்லைத் தாண்டும்போது வண்டி பாய்வதில்லை. இதனால் ஓட்டுபவரின் கைத்திறனுக்கு வேலை இல்லாமல் போகிறது என்று பழைய ஆட்கள் குறைப்படுவதுண்டு. விரலில் சுமையை உணர்ந்து ஓட்டுவது ஒரு கலை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் எந்தக் கல்லில் எந்தக் கோணத்தில் சக்கரத்தை வைப்பது, எடை எந்தப் பக்கம் சாயும், எப்போது விட்டுக்கொடுத்துப் பின்வாங்குவது ஆகிய முடிவுகள் அனைத்தும் இன்னும் ஓட்டுபவரிடமே இருக்கின்றன. கிராலர் ஓட்டுவதன் அறிவும் அழகும் அந்த முடிவுகளில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இனி நிற்பதைப் பற்றி. ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் தேரைத் தெருமுனையில் நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தான் இருக்கிறது. கிராலரில் அந்த வேலையைச் செய்வது டிராக் பிரேக். டிரிகரிலிருந்து விரலை எடுத்ததும் கன்ட்ரோலர் மோட்டாரின் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும். மோட்டார் ஜெனரேட்டராக மாறி, தான் உண்டாக்கும் மின்னோட்டத்தால் தன்னையே தடுத்துக்கொள்ளும். இந்தத் தடையின் பலம் சுற்றும் வேகத்தைப் பொறுத்தது என்பதுதான் சிக்கல். வேகம் குறையக் குறையத் தடையும் குறையும். முழுதாக நின்றுவிட்டால் தடை சுத்தமாக இல்லை. ஆகவே செங்குத்துச் சரிவில் வண்டி நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். கியர்பெட்டியின் உராய்வு தாங்கினால் நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது. காந்தத்தின் இடத்தைத் துல்லியமாக அறிந்த கன்ட்ரோலருக்கு இந்தத் தடுமாற்றம் கிடையாது. வண்டி வழுக்கத் தொடங்கியதுமே எதிர்த்திசையில் தேவையான அளவு மின்னோட்டம் கொடுத்து அதே இடத்தில் பிடித்துவைக்கும். அதற்கு எவ்வளவு மின்சாரம் பிடிக்கும்? மூன்று கிலோ வண்டி 45 பாகைச் சரிவில் நிற்பதாகக் கொள்வோம். சரிவின் வழியே இழுக்கும் விசை ஏறத்தாழ 21 நியூட்டன். அது 60 மில்லிமீட்டர் ஆரத்தில் 1.25 நியூட்டன்-மீட்டர், 40ஆல் வகுத்தால் மோட்டாருக்கு வருவது 0.03 நியூட்டன்-மீட்டர் சொச்சம். 1200 கே.வி. மோட்டார் ஆம்பியருக்கு 0.008 நியூட்டன்-மீட்டர் தரும். ஆக நான்கு ஆம்பியர் போதும். கியர் உராய்வும் கை கொடுப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறைவு. அறுபது ஆம்பியர், எண்பது ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண் இந்த வேலைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சக்கரம் இடுக்கில் சிக்கி மோட்டார் திணறும்போது சில நொடிகளுக்குக் கூடுதல் ஆம்பியர் தேவைப்படும் என்பது உண்மை. அதற்கு நல்ல நிறுவனத்தின் 40 ஆம்பியர் கன்ட்ரோலரே தாராளம்.

கே.வி.க்கு வருவோம். குறைந்த கே.வி. என்றால் அதிக முறுக்குவிசை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரே ஆம்பியருக்கு என்று சேர்த்துச் சொன்னால் அது சரி. 1200 கே.வி. மோட்டார் ஒரு ஆம்பியருக்குத் தரும் விசை, அதே அளவுள்ள 2400 கே.வி. மோட்டார் தருவதைப்போல் இரு மடங்கு. ஆனால் இரண்டிலும் உள்ள இரும்பும் காந்தமும் செம்பும் ஒரே அளவுதான். 1200 கே.வி.யில் சுருளின் சுற்றுகள் இரட்டிப்பு, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு பாதி. ஆகவே மின்தடை நான்கு மடங்கு. பாதி ஆம்பியரில் நான்கு மடங்கு தடை என்றால் மோட்டாருக்குள் உண்டாகும் சூடு இரண்டிலும் ஒன்றே. மோட்டாரின் உண்மையான வலிமையைத் தீர்மானிப்பது அதன் உடல் அளவும் காந்தத்தின் தரமும், கே.வி. அந்த வலிமையை எந்த வேகத்துக்கும் எந்த ஆம்பியருக்கும் பங்கிடுவது என்று சொல்லும் எண், கியர் விகிதம் செய்வதும் இதே வேலையைத்தான். எனில் குறைந்த கே.வி.யை ஏன் பரிந்துரைக்கிறார்கள்? இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, மோட்டாருக்கு வெளியே இருக்கும் கன்ட்ரோலரின் சூடு. அதே சரிவில் 3300 கே.வி. மோட்டார் நிற்க நான்கு ஆம்பியருக்குப் பதிலாகப் பதினொன்று வேண்டும். சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறுவதால் கன்ட்ரோலரின் சுவிட்சுகளில் ஏழரை மடங்கு சூடு. இரண்டாவது, விரலின் துல்லியம். ரேடியோவின் முழு த்ராட்டில் என்பது 1.5 மில்லி நொடியிலிருந்து 2 மில்லி நொடிவரை நீளும் ஒரு துடிப்பு. நொடிக்குக் கால் சுற்று என்ற நம் ஊர்தல், 1200 கே.வி. மோட்டாரின் முழு வேகத்தில் நாலரை சதவீதம். 3300இல் ஒன்றரைச் சதவீதம் சொச்சம். முன்னதில் விரலுக்கு இருபத்திரண்டு மைக்ரோ நொடி இடம் கிடைக்கிறது, பின்னதில் எட்டுத்தான். எந்த விரலுக்கும் அந்த எட்டில் நிதானம் காட்டுவது கடினம்.

அப்படியானால் எந்த எண்? கியரைப் பாராமல் யாரும் பதில் சொல்ல முடியாது. மேலே சொன்ன டயரும் 40க்கு 1 கியரும் இருக்கும் வண்டியில் 1200 கே.வி. மோட்டார் இரண்டு செல் பேட்டரியில் மணிக்கு 5 கிலோமீட்டர் போகும், நாம் நடக்கும் வேகம். மூன்று செல்லில் ஏழரை. 1800 கே.வி. மூன்று செல்லில் 11, 2300 கே.வி. 14, 3300 கே.வி. 20ஐத் தாண்டும். இவை சுமையில்லாத கணக்கு, நிஜத்தில் கொஞ்சம் குறையும். பாறையே கதி என்றிருப்பவருக்கு 1200 போதும். ஒற்றையடிப் பாதையில் நண்பர்களோடு நடந்துகொண்டே ஓட்டுபவருக்கு 1800 பொருந்தும். மணல்மேடு, சேறு, வழுக்கும் ஈரச் சரிவு போன்றவற்றில் சக்கரம் வேகமாகச் சுற்றி மண்ணை உதறினால்தான் பிடி கிடைக்கும். அங்கே 1200 திணறும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அப்படிப்பட்டவர்கள் 2300க்குப் போகலாம். அல்லது கன்ட்ரோலர் அனுமதித்தால் பேட்டரியில் ஒரு செல்லைக் கூட்டலாம். டி.ஆர்.எக்ஸ்-4 போல இரண்டு கியர் உள்ள வண்டிக்குக் குறைந்த கே.வி.யால் பெரிய நஷ்டம் இல்லை, மேல்கியர் ஈடுகட்டிவிடும். நல்ல கன்ட்ரோலர் இருந்தால் கே.வி.யில் ஒரு படி தவறினாலும் மோட்டார் தண்டில் மாட்டும் சிறு பல்சக்கரமான பினியனில் இரண்டு பல்லைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளலாம் என்பதையும் மறக்க வேண்டாம். மோசமான கன்ட்ரோலரின் உதறலைக் குறைக்க எந்தப் பினியனாலும் முடியாது.

எல்லாவற்றையும்விட வலுவான ஆட்சேபம் பிரஷ் மோட்டார் பக்கத்திலிருந்து வருகிறது. சுருளில் 35 சுற்று, 45 சுற்று, 55 சுற்று என்று விற்கும் சாதாரண 540 மோட்டாரும், ஹாபிவிங் 1080 போல டிராக் பிரேக்கை மாற்றியமைக்கக்கூடிய ஒரு பிரஷ் கன்ட்ரோலரும் சேர்த்து, பிரஷ்லெஸ் ஜோடிக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியிலேயே கிடைத்துவிடும். அது அருமையாக ஊர்கிறது. தண்ணீருக்கும் அவ்வளவாகப் பயப்படாது. பிறகு எதற்கு இத்தனை கணிதம்? இந்த ஆட்சேபத்தை நான் மறுக்கப்போவதில்லை; இதுவரை சொன்ன வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. பிரஷ் மோட்டார் ஏன் பூஜ்ஜியத்திலிருந்து மென்மையாகக் கிளம்புகிறது? அதன் கம்யூட்டேட்டர், சுழலும் பாகம் எங்கே இருக்கிறதோ அந்தச் சுருளுக்கு மின்சாரத்தைத் தானாகவே மாற்றிவிடுகிறது. அது செம்பாலும் கரியாலும் ஆன ஓர் இட உணரி. துப்பு தேட வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. ஆகவே மலிவான சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் ஜோடியும் பிரஷ் ஜோடியும் ஒரே விலையில் இருந்தால், கிராலருக்குத் தயங்காமல் பிரஷ்ஷை வாங்குங்கள். பிரஷ்லெஸ் என்ற சொல்லுக்காகக் காசு கொடுத்து உதறலை வீட்டுக்கு அழைத்துவருவதில் அர்த்தமில்லை. கரி தேய்வது, கம்யூட்டேட்டர் கருகுவது, சேற்றில் ஓடியபின் அடிக்கடி மோட்டாரை மாற்றுவது, ஒரே பேட்டரியில் குறைந்த நேரம் ஓடுவது, சரிவில் முழுதாக நிற்காதது ஆகியவை பொறுக்க முடியாத அளவுக்கு வரும்போது எஃப்.ஓ.சி. ஜோடிக்கு மாறலாம். இடையில் இருக்கும் படியில் நிற்க வேண்டாம்.

இரண்டையும் ஒரே கூட்டில் அடக்கிய ஃபியூஷன் வகைக்கு எதிராக ஒன்று சொல்வார்கள்: ஒன்று கெட்டால் இரண்டும் போச்சு. அது உண்மை. மின்னணுப் பலகை மோட்டாரின் சூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் தனித்தனி அமைப்பில் அடிக்கடி கெடுவது எது என்று பார்த்தால், பல சமயம் அந்த ஆறு கம்பி சென்சார் கேபிளும் சேறு புகும் அதன் துவாரமும்தான். ஒரே கூட்டில் அந்தக் கேபிளே இல்லை; மூன்று தடித்த கம்பிகளும் இல்லை; வண்டியில் இடமும் எடையும் மிச்சம். ஆகவே பத்தில் ஒரு பங்கு வண்டியை வாரக் கடைசியில் ஓட்டும் பெரும்பாலோருக்கு ஒரே கூடு சரியான தேர்வு என்பேன். போட்டிக்குப் போகிறவர்கள், வண்டியின் எடையை முன்னச்சுக்கு மேல் கிராம் கணக்கில் நகர்த்திப் பார்ப்பவர்கள், ஒரு பாகத்தை மட்டும் மாற்றும் வசதி வேண்டுபவர்கள் தனித்தனியாக வாங்கட்டும். சென்சார் அறுந்தாலும் சென்சார் இல்லாத முறைக்கு மாறி வீடு வந்து சேர்க்கும் கன்ட்ரோலர்கள் உண்டு. தனித்தனியாக வாங்குபவர்கள் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கன்ட்ரோலரின் விவரப் பட்டியலில் யாரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: பி.இ.சி. பேட்டரியின் அழுத்தத்தைக் குறைத்து ரிசீவருக்கும் ஸ்டியரிங் சர்வோவுக்கும் கன்ட்ரோலர் தரும் மின்சாரம் அது. இரண்டு கற்களுக்கு நடுவே சிக்கிய சக்கரத்தைத் திருப்ப முயலும் பலமான சர்வோ ஐந்து ஆம்பியரும் இழுக்கும், அதற்கு மேலும் இழுக்கும். பி.இ.சி. அதைத் தாங்காவிட்டால் அழுத்தம் சரிந்து ரிசீவர் ஒரு கணம் அணைந்து எரியும். அந்த ஒரு கணத்தில் டிராக் பிரேக்கும் விட்டுப்போகலாம். மோட்டார் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப்படும் ஜோடிகளில் குற்றவாளி பி.இ.சி.யாக இருப்பது அபூர்வம் அல்ல. சர்வோவின் அழுத்தத்துக்குப் பொருந்துகிறதா, 6 வோல்ட்டா 7.4 வோல்ட்டா என்று மாற்ற முடிகிறதா, எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பாருங்கள். போதாது என்றால் தனி பி.இ.சி. ஒன்றை வாங்கிச் சேர்க்கலாம், விலை அதிகமில்லை.

மற்றவை சட்டென்று சொல்லிவிடக்கூடியவை. 540 அளவு மோட்டாரின் விட்டம் 36 மில்லிமீட்டர், தண்டின் தடிமன் வழக்கமாக 3.17 மில்லிமீட்டர், 550 அதைவிட நீளம், சில வண்டிகளில் அது டிரைவ் ஷாஃப்டில் இடிக்கும். ஐந்து மில்லிமீட்டர் தண்டுள்ள மோட்டாருக்குப் பழைய பினியன் சேராது. பினியனின் பல் அளவும் அதோடு பிணையும் ஸ்பர் கியரின் பல் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 32 பிட்ச்சோடு 48 பிட்ச்சைச் சேர்த்தால் அரைநாளில் பல் போய்விடும். லிப்போ பேட்டரிக்குரிய குறைந்த அழுத்த வெட்டு அமைப்பை முதல் ஓட்டத்துக்கு முன்பே சரிபார்த்துவிட வேண்டும். நியோடிமியம் காந்தங்களில் சாதாரண ரகம் 80 பாகை செல்சியஸ் வாக்கில் வலுவிழக்கத் தொடங்கும். விசையை ஒரு முறை இழந்த காந்தம் குளிர்ந்த பிறகும் பழையபடி ஆகாது. சரிவில் வண்டியைப் பிடித்துவைத்துப் படம் எடுத்துக்கொண்டே நிற்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்; நிற்கும் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் மாறுகிறது.

வாங்குவதற்கு முன் வாய்ப்புக் கிடைத்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். தெரிந்தவர் வண்டியிலோ கடையில் இருக்கும் மாதிரியிலோ அதே ஜோடி இருந்தால், ஒரு பலகையை நன்றாகச் சாய்த்து வண்டியை அதன்மேல் வைத்து டிரிகரை விட்டுவிடுங்கள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கோடு நகர்கிறதா என்று பத்து நொடி பாருங்கள். பிறகு அந்தக் கோடு முழுச் சுற்று வர எவ்வளவு நேரம் இழுக்க முடிகிறது என்று பாருங்கள். எங்கும் தயங்காமல், எகிறாமல் இருபது நொடி எடுத்துக்கொள்ள முடிந்தால் அந்த ஜோடியை நம்பி வாங்கலாம், பெட்டிமேல் எந்த எண் இருந்தாலும் சரி. பணம் அளவாக இருந்தால் முதலில் கன்ட்ரோலருக்குச் செலவு செய்யுங்கள், அடுத்து சர்வோவுக்கு. மோட்டாரின் கே.வி.க்காக இன்னும் ஆயிரம் ரூபாய் கூட்டலாமா என்று யோசிக்கும் நிலை வந்தால், அந்த ஆயிரத்தை மென்மையான ரப்பர் டயருக்கும் அதற்குள் இருக்கும் ஃபோமுக்கும் கொடுத்துவிடுங்கள்.